வரிக்கு முன்னால் உள்ள இடம்

என் தம்பிக்கு ப்ரோகிராம் எழுதுகிற வேலை. எனக்கு ரவிக்கை தைக்கிற வேலை. கோச்சடையில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டின் முன்னறையில்தான் இரண்டும் நடக்கின்றன. ஜன்னலோரம் என் தையல் மிஷின், எதிர்ச் சுவரோரம் அவன் மேஜை. அவன் கம்பெனி சென்னையில் இருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். லாரியில் போகிற பார்சல் எந்த ஊரைத் தாண்டியிருக்கிறது, யாருக்கு எப்போது செய்தி போக வேண்டும் என்பதையெல்லாம் கவனித்துக்கொள்கிற ப்ரோகிராம் அது.

நான் பத்தாவது வரை படித்தவள். கூச்ச சுபாவம். அளவு கொடுக்க வரும் பெண்களிடம்கூட டேப்பைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவேன். அப்படிப்பட்ட நான் ஒரு மழைக்காலத்தில் அந்த ப்ரோகிராமை வாய்விட்டு வாசித்தேன். எதற்காக வாசித்தேன், அது எப்படி நின்றது என்பதை எழுதி வைக்கத் தோன்றுகிறது.

தம்பிக்குச் சின்ன வயதிலேயே மாலைக்கண். பொழுது சாய்ந்தால் என் கையைப் பிடித்துக்கொள்வான். வளர வளரப் பகல் பார்வையும் ஓரங்களிலிருந்து சுருங்க ஆரம்பித்தது. வேலையில் சேர்ந்தபோது, பேப்பரைச் சுருட்டி அதன் வழியாகப் பார்ப்பது போல நடுவில் கொஞ்சம் தெரிந்தது. இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் வெளிச்சத்தை வைத்துத் தெரியும்.

ஆனாலும் வேலை நிற்கவில்லை. அவன் லேப்டாப்பில் ஒரு குரல் உண்டு. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும். முதல் தடவை அதைக் கேட்டபோது ஏதோ பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். காய்ந்த எண்ணெயில் கடுகு பொரிவது போல இருந்தது.

"இது என்னடா பேசுது?"

"இங்கிலீஷ்தான்க்கா."

"இதுவா? ஒரு எழுத்துகூடப் புரியலையே."

"வேகத்தக் கூட்டி வச்சிருக்கேன். மெதுவாப் பேசுனா எனக்குத் தூக்கம் வந்துரும்."

எனக்காக வேகத்தைக் குறைத்துக் காட்டினான். குறைக்கக் குறைக்கக் கடுகுகள் எல்லாம் வார்த்தைகளாக மாறின. மறுபடி கூட்டினான். நான் ஒரு ஊசியில் நூல் கோக்கிற நேரத்துக்குள் அவன் ஒரு பக்கத்தையே கேட்டு முடித்திருந்தான். அவன் காதை உற்றுப் பார்த்தேன். எங்கள் அப்பாவின் காது போலவே மடல் கொஞ்சம் முன்னால் மடங்கி, சாதாரணமாகத்தான் இருந்தது.

ப்ரோகிராம் எழுதுகிறவர்கள் எடிட்டர் என்ற ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு அதில்தான் எழுதுவார்கள். பாதி வார்த்தை எழுதினால் மீதியை அதுவே எடுத்துக் கொடுக்கும். தப்பாக எழுதினால் அடியில் சிவப்பாக நெளிகோடு போடும். தம்பி பல வருஷமாக ஒரு பழைய எடிட்டரை வைத்திருந்தான். அதுவும் அந்தக் குரலும் நன்றாக ஒத்துப்போயின. போன ஆடி முடிந்த சமயம், இனிமேல் எல்லாரும் ஒரே எடிட்டரில்தான் எழுத வேண்டும் என்று கம்பெனியில் முடிவு செய்தார்கள். ப்ரோகிராம் கம்பெனியின் கம்ப்யூட்டரிலேயே இருக்கும், புது எடிட்டர் வழியாகத்தான் அதைத் திறக்க முடியும் என்றும் ஏற்பாடு செய்துவிட்டார்கள். அந்த எடிட்டர் இலவசமாகக் கிடைப்பது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் சேர்ந்து செய்தது.

"நல்ல எடிட்டர்தான்க்கா. நாலு பேரு ஒரே பக்கத்துல ஒரே நேரத்துல எழுதலாம். அம்புட்டு பேரும் அதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க" என்று சொல்லிக்கொண்டே திறந்தான்.

குரல் மேலே இருக்கிற பெயர்களை வாசித்தது. ப்ரோகிராம் இருக்கும் இடத்துக்குள் போனதும் ஊமையாகிவிட்டது. அவன் கீபோர்டின் சாவிகளைத் தட்டிக்கொண்டே இருந்தான். சாவி தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கம்பெனியில் அவனுக்கு மேலே இருக்கிற மேனேஜர் ஒரு பெண். நல்லவர். "கண்ணுக்குச் சிரமமா இருந்தா சொல்லுங்க, விளக்கக் குறிப்பு எழுதுற டீமுக்கு மாத்தி விடுறேன்" என்று முன்பே ஒரு தடவை சொல்லியிருந்தார். உதவியாகத்தான் சொன்னார். அதுவே தம்பிக்குப் பயமாகிவிட்டது. 'கொஞ்சம் மங்கல்' என்று மட்டும்தான் அவன் கம்பெனியில் சொல்லி வைத்திருந்தான். முகம் காட்டாமல் பேசுவதால் மற்றது யாருக்கும் தெரியாது. புது எடிட்டரில் எழுத முடியவில்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் ப்ரோகிராம் கையைவிட்டுப் போகும்.

"மாத்துனா என்னடா? சம்பளம் அதேதான வரும்?" என்று கேட்டேன்.

"சம்பளத்துக்கா சொல்றேன்? எழுதுறத விட்டுட்டா நான் வேற யாரோக்கா."

கொஞ்ச நேரம் கழித்து, "நீ வாசியேன்" என்றான்.

"எனக்கு எங்கடா இங்கிலீஷ் வரும்?"

"எழுத்து தெரியும்ல? கூட்டி வாசி. தப்பா வாசிச்சாலும் நான் புரிஞ்சுக்கிருவேன்."

எழுத்து தெரியும். குறிகள்தான் தெரியாது. அவன் சொன்ன பெயர்கள் என் வாயில் நிற்கவில்லை. அதனால் என் கண்ணுக்கு எது எப்படித் தெரிந்ததோ அப்படியே சொன்னேன். நெளிந்த அடைப்பு எனக்கு ரவிக்கைக் கொக்கி. வளைந்தது பிறை. சதுரமானது ஜன்னல். ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு புள்ளி இருந்தால் ரெட்டைப் பட்டன். சமக்குறி தண்டவாளம். ஒரு நாளிலேயே அவன் என் பாஷையைப் படித்துவிட்டான். "தண்டவாளத்துக்கு அங்கிட்டு என்ன இருக்கு?" என்று கேட்பான். "ஜன்னல் தெறந்திருக்கு, மூடலைடா" என்பேன். "அப்ப அதான் தப்பு" என்று போய் மூடுவான்.

பக்கத்து வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். என்னிடம்தான் ரவிக்கை தைப்பாள். ஒரு காலையில் அவள் கதவருகே நின்று வெகு நேரம் கேட்டிருக்கிறாள்.

"என்ன மதினி, அக்காளும் தம்பியும் காலங்காத்தால மந்திரம் ஓதுறீக?"

நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். தம்பிதான் பதில் சொன்னான். "உங்க ரவிக்கை சீக்கிரம் முடியணும்னுதான் மதினி."

"அப்படின்னா இன்னுங் கொஞ்சம் சத்தமா ஓதுங்க. போன வாரமே தாரேன்னு சொன்னாக."

இப்படி இரண்டு நாள் நன்றாகவே போனது. அப்புறம் ஒன்றுமே சரியாக வரவில்லை. தம்பி ஒரு வரி சேர்ப்பான். ப்ரோகிராமை ஓட்டிப் பார்ப்பான். தப்பு என்று வரும். என்னை மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொல்வான். நான் ஒரு புள்ளி விடாமல் வாசிப்பேன். அவன் தலையைச் சொறிவான். "எல்லாம் சரியாத்தான இருக்கு" என்று அவனே முணுமுணுப்பான். மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை. நான் குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டு இருந்தபோது திடீரென்று கூப்பிட்டான்.

"அக்கா, இந்த வரி எங்கிட்டு ஆரம்பிக்குது?"

"இடது பக்கந்தான்டா. எல்லா வரியும் அங்கிட்டுதான ஆரம்பிக்கும்."

"ஓரத்துல ஒட்டியா இருக்கு?"

"இல்ல, கொஞ்சம் தள்ளி இருக்கு. கீழ வரி இன்னுங் கொஞ்சம் தள்ளி."

"இத ஏன்க்கா நீ சொல்லல?"

"அங்கதான் ஒண்ணும் எழுதலையேடா. எழுதாத இடத்த எப்படி வாசிக்கிறது?"

அவன் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தான். "எழுதாததையும் வாசிக்கணும்க்கா! அதுதான்க்கா முக்கியமே!"

அவன் எழுதுகிற கம்ப்யூட்டர் மொழியில், வரிக்கு முன்னால் விடுகிற காலி இடத்துக்கும் அர்த்தம் உண்டாம். ஒரு வரி தள்ளி நின்றால், மேலே இருக்கிற வரிக்கு உள்ளே அது அடங்கியது என்று பொருள். இன்னும் தள்ளி நின்றால் இன்னும் உள்ளே. ஓரத்துக்கு வந்துவிட்டால் அந்த வேலை அதோடு முடிந்தது. எழுத்து ஒன்றுகூட மாறாமல், வரியை நகர்த்தி வைத்தாலே கம்ப்யூட்டர் வேறு வேலை செய்துவிடும்.

அன்று மத்தியானம் நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளையாக ஒன்றும் இல்லாமல் கிடக்கிற இடத்துக்கு இவ்வளவு சொல்ல இருக்கிறதா? தைக்கிற எனக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். ரவிக்கை வெட்டும்போது அளவோடு வெட்டுவதில்லை. ஓரத்தில் தையலுக்கென்று துணி விட்டு வெட்டுவோம். தைத்து முடித்தபின் அது வெளியே தெரியாது. அது இல்லாவிட்டால் ரவிக்கையே இல்லை. இத்தனை வருஷம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தவள், திரையில் பார்த்ததும் ஒன்றுமில்லை என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

மறுநாள் என் இஞ்ச் டேப்பை எடுத்துத் திரைமேல் வைத்து அளந்தேன்.

"முக்கால் இஞ்ச், பிறை திற..."

"அக்கா! டேப்ப வையி. என்ன, திரைக்கு ரவிக்கை தைக்கப் போறியா? எத்தனை படி உள்ள இருக்குன்னு மட்டும் சொல்லு."

படி என்று சொல்வதைவிட மடிப்பு என்று சொல்வது எனக்கு எளிதாக வந்தது. ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு, மூன்று மடிப்பு. அதற்குப் பிறகு வேலை ஓடியது.

கொஞ்ச நாளில் அவன் எங்கோ தேடி, எடிட்டருக்குள் ஒளிந்திருந்த ஒரு வசதியைக் கண்டுபிடித்தான். அதைப் போட்டதும் ஊமையாக இருந்த குரல் பேச ஆரம்பித்தது. இருவருக்கும் அன்று கொண்டாட்டம்தான். தெருவில் வந்த பருத்திப்பால் வாங்கிக் குடித்தோம். ஆனால் அந்தக் குரல் இரண்டு விஷயங்களைச் சொல்லவில்லை. வரிக்கு முன்னால் எத்தனை மடிப்பு என்று சொல்லவில்லை. சிவப்பு நெளிகோடு எந்த வரியில் இருக்கிறது என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டுக்கும் நான்தான் வேண்டும். நான் மிஷினில் இருப்பேன். "அக்கா, மடிப்பு?" என்பான். எழுந்து போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்து உட்காருவேன். பெடலில் கால் வைத்ததும், "அக்கா, சிவப்பு இருக்கா?" என்பான். தீபாவளி ரவிக்கைகள் மேலே மேலே குவிந்துகொண்டிருந்தன. அவன் கூப்பிடுகிற குரலிலும் ஒரு தயக்கம் வந்துவிட்டது. கூப்பிடாமல் தானே தடுமாறுவதும் எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் அந்தப் பக்கத்தை எனக்குச் சொன்னான். எடிட்டரைச் செய்கிறவர்கள் இணையத்தில் ஒரு பொதுப் பக்கம் வைத்திருந்தார்கள். யாருக்கு என்ன வசதி வேண்டுமோ அதில் எழுதலாம். மற்றவர்கள் படித்துவிட்டு, எனக்கும் வேண்டும் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டலாம். தம்பி அதைக் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னான். நான் கை தையல் போட்டுக்கொண்டே கேட்டேன்.

ஒருவருக்குக் கறுப்புத் திரை இன்னும் கறுப்பாக வேண்டுமாம். ஒருவருக்குப் பூஜ்யமும் ஆங்கில ஓ எழுத்தும் ஒன்றுபோலத் தெரியாமல் இருக்க வேண்டும். போன வாரம் அழித்த வரியை இப்போது திரும்பக் கொண்டுவரும் வழி வேண்டும் என்று ஒருவர். ஒரே நேரத்தில் பத்து வரியில் எழுத வேண்டும் என்று ஒருவர். நான் கேட்காமல் எனக்கு யோசனை சொல்லாதே, வாயை மூடிக்கொண்டு இரு என்று ஒருவர். எந்த அடைப்பு எந்த அடைப்போடு சேர்ந்தது என்று ஜோடி ஜோடியாக நிறம் வேண்டும் என்று ஒருவர். வேலை பார்க்கும்போது திரையின் மூலையில் ஒரு பூனைக்குட்டி நடந்து போக வேண்டும் என்று ஒருவர்.

"பூனையா?"

"ஆமாக்கா. அதுக்குத்தான் இம்புட்டு கட்டைவிரல்."

திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். அங்கே கேட்க வந்தவர்கள் முகமெல்லாம் வாடிப்போய் இருக்கும். இங்கே முகமே இல்லாத ஒரு கூட்டம், வெவ்வேறு தேசத்திலிருந்து, எனக்கு இது வேண்டும் என்று கொஞ்சமும் கூசாமல் கேட்கிறது. யாரோ ஒருவர் அதைப் படித்து, சரி, செய்கிறேன் என்று பதில் எழுதுகிறார். கொஞ்ச நாளில் அது வந்தும்விடுகிறது. கூலி வாங்காமல் செய்கிறார்களாம். எனக்குக் கை தையல் நின்றுபோய்விட்டது. கேட்டால் கிடைக்கும் இடம் ஒன்று இப்படி இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

"நீயும் கேட்டுற வேண்டியதுதானடா?" என்றேன்.

"கேட்டா பேரு தெரியும். எங்க டீம்ல பாதிப் பேரு இந்தப் பக்கத்தத்தான் பாத்துக்கிட்டு இருப்பாய்ங்க."

"வேற பேர்ல கேளு."

"அது வேலைக்கு ஆகாதுக்கா. ஒவ்வொரு வரிக்கும் சத்தம் வேணும்னா ஏன்னு கேப்பாங்க. இன்ன கம்பெனில, இப்படி வேலை பாக்குறேன்னு விளக்கணும். விளக்குனா நான்தான்னு தெரிஞ்சுரும். ஒண்ணும் சொல்லாமக் கேட்டா லூசும்பாய்ங்க."

"பூனை கேட்டவன யாரும் லூசுங்கலையே."

சிரித்தான். உடனே என் பக்கம் திரும்பிவிட்டான். "நீ மட்டும் ஒழுங்கா? வாசல்ல ஒரு போர்டு மாட்டுன்னு எத்தனை வருஷமாச் சொல்றேன். அன்னைக்கு ஒரு அம்மா படியேறி வந்து, இங்க யாரோ தைக்கிறாங்களாமேன்னு கேட்டதுக்கு, அங்கிட்டுப் போய் விசாரிங்கன்னு கையக் காட்டி அனுப்பிச்சவதான நீ?"

அது நடந்ததுதான். அறிமுகம் இல்லாத முகம் என்பதால் அப்படிச் சொல்லிவிட்டேன். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கும் ஒரே கூச்சம். எனக்கு அது கழுத்தைப் பிடித்தால் இரண்டு ரவிக்கைதான் போகும். அவனுக்கு எழுத்தே போகும். அதை அவனிடம் சொல்லவில்லை. அவனுக்கே தெரியும்.

அந்த வாரம் லைனிங் துணி வாங்க மாசி வீதிப் பக்கம் போய்விட்டு, பஸ்ஸில் நெரிபட்டுத் திரும்பி வந்தேன். தம்பி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"போட்டுட்டேன்க்கா."

"என்னத்தப் போட்ட?"

"மனு. சொந்தப் பேர்லயே."

தமிழில் சொல்லிக் காட்டினான். நான் பார்வையில்லாத ப்ரோகிராமர். வரி எத்தனை மடிப்பு உள்ளே நிற்கிறது என்று எனக்குத் தெரிவதில்லை. நான் ஒரு வரிக்கு வந்ததும் மடிப்புக்குத் தகுந்தபடி ஏறுகிற சத்தம் ஒன்று கேட்டால் போதும். தப்பு இருக்கிற வரியில் வேறொரு சத்தம். இப்போது இதையெல்லாம் என் அக்காதான் பார்த்துச் சொல்கிறாள். அக்காவுக்கு ரவிக்கை தைக்கிற வேலை இருக்கிறது.

"என்னைய ஏன்டா இழுத்த?"

"உன்னச் சொல்லாம இந்த மனு எப்படி முழுசாகும்?"

உலகமே என்னைப் பார்ப்பது போல இருந்தது. அன்றைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் தைத்தேன்.

முதலில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு பதில் வந்தது. இதற்கு இவ்வளவு கஷ்டம் எதற்கு, காலி இடத்தைப் பார்க்காத வேறு மொழியில் எழுதலாமே என்று. தம்பிக்கு மூக்கு விடைத்துவிட்டது. "கண்ணு தெரியாதவன் வேற ஊருக்குப் போ, நாங்க ரோட்டுல பள்ளத்த மூட மாட்டோம்கிற கதையா இருக்கு" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினான். கேட்டிருக்கவே கூடாது என்று சாயங்காலம் முழுக்க முனகினான்.

மறுநாள் காலை லேப்டாப்பைத் திறந்தவன் அசையாமல் இருந்தான். காதில் கடுகு பொரிந்துகொண்டே இருந்தது.

"என்னடா?"

"பொறு அக்கா... இன்னும் வருது."

பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். அவளுக்கும் பார்வை இல்லை. அவளும் ப்ரோகிராம்தான் எழுதுகிறாள். அவள் கணவன் பக்கத்தில் உட்கார்ந்து இடத்தை எண்ணிச் சொல்கிறானாம். 'என் கணவருக்கும் வேறு வேலை இருக்கிறது' என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே இன்னொருவர். அவருக்கு மகள் சொல்கிறாள். இன்னொருவருக்கு அறைத் தோழன். ஒருவர் யாரும் இல்லாததால் ஒவ்வொரு இடமாகச் சாவியைத் தட்டி எண்ணிக்கொள்கிறார். யாரும் இதுவரை கேட்கவில்லை. தனக்கு மட்டும்தான் இந்தச் சங்கடம் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள்.

தம்பி சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் கோச்சடையில் உட்கார்ந்து மடிப்பு எண்ணிக்கொண்டிருந்த அதே நேரத்தில், பெயர் தெரியாத ஊர்களில், ஒரு கணவனும் ஒரு மகளும் ஒரு சிநேகிதனும் என்னைப் போலவே ஒன்றும் எழுதாத இடத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர்களும் ஆரம்பத்தில் அந்த இடத்தைச் சொல்லாமல் தாண்டிப் போயிருப்பார்களா? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. இனியும் பார்க்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பனி தேசத்துக் கணவன் எதிரே வந்தால், என் கூச்சத்தை விட்டு அவனிடம் பேசியிருப்பேன் என்று தோன்றியது.

அந்தப் பெண் அரைகுறையாக ஒன்றைச் செய்து வைத்திருந்தாள். அதைத் தம்பிக்கு அனுப்பினாள். தம்பி அதை எடிட்டரோடு சேர்த்து ஓட்டினான். ஒவ்வொரு வரிக்கும் 'பீங், பீங்' என்று வேன் பின்னால் எடுக்கிற சத்தம். பக்கத்து வீட்டுப் பெண் குடத்தோடு வெளியே ஓடி வந்துவிட்டாள்.

"தண்ணி வண்டியா மதினி?"

"இல்ல மதினி, இவன் வேலை பாக்குறான்."

"ஓதுறது போயி இப்ப ஊதுறதா? எது செஞ்சாலும் என் ரவிக்கை மட்டும் வரக் காணோம்."

தம்பி அந்தச் சத்தத்தை மெலிதாக்கி அனுப்பினான். அவள் அதைச் சுருக்கி அனுப்பினாள். அங்கே அவள் எழுந்திருக்கும்போது இங்கே மத்தியானம். இரண்டு பேரும் திரையைப் பார்க்கவில்லை. ஒருவருக்கொருவர் பேசியதுகூட இல்லை. எழுதி எழுதியே, டம்ளரில் ஸ்பூனால் மெல்லத் தட்டுவது போன்ற ஒரு சத்தத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஓரத்தில் ஒட்டிய வரிக்குக் கீழ் சத்தம். மடிப்பு கூடக் கூட மேலே ஏறும். தப்பு உள்ள வரிக்கு மரக்கட்டையில் தட்டினாற்போல ஒரு 'டொக்'. எடிட்டரைச் செய்கிற ஆட்களில் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, அடுத்த தடவை வெளியிடும்போது எல்லாருக்குமே சேர்த்துத் தருகிறோம் என்று எழுதினார். தந்தும்விட்டார்கள்.

அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் மேனேஜர் போன் பண்ணினார். அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டேன் என்று மட்டும் சொன்னார். நாளைக் காலை மீட்டிங்கில் அந்த எடிட்டரில் நீங்கள் வேலை பார்ப்பதை எல்லாரும் பார்க்க வேண்டும் என்றார். போனை வைத்ததும் தம்பி என் பக்கம் திரும்பினான்.

"பரீட்சை வைக்கிறாங்கக்கா. தடுமாறுனேன்னா குறிப்பு எழுதப் போக வேண்டியதுதான்."

"நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்டா."

"வேணாம். நீ பக்கத்துல இருந்தா நான் உன்னத்தான் கேப்பேன்."

அதனால் மறுநாள் காலை நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். கையில் கொக்கி வைக்க வேண்டிய ரவிக்கை. அவன் கதவைத் திறந்தே வைத்திருந்தான். எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகச் சத்தத்தை வெளியே வைத்திருந்தான்.

"இத ஏன் முன்னாடியே எங்ககிட்டச் சொல்லல?" என்று மேனேஜரின் குரல்.

"சொன்னா டீம் மாத்தி விட்டுருவீங்கன்னு பயம் மேடம்."

எனக்கு ஊசி எங்கே குத்துகிறது என்றே தெரியவில்லை.

"அதப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல இதப் பாருங்க. லாரி ஊருக்கு வந்ததும் அதுல இருக்கிற ஒவ்வொரு பார்சலுக்கும் செய்தி போகணும். ஒருத்தருக்குத்தான் போகுது. எங்க தப்புன்னு பாருங்க."

அவன் சாவியைத் தட்டினான். டம்ளர் சத்தம் வந்தது. ஒரு வரி, அடுத்த வரி. சத்தம் ஒரு படி ஏறியது. இன்னொரு படி. அங்கேயே கொஞ்ச தூரம் சமமாகப் போனது. பிறகு சட்டென்று ஒரு படி இறங்கியது. தட்டுவது நின்றது. மேலே போனான். மறுபடி வந்தான். அதே இடத்தில் இறங்கியது. எனக்கும் கேட்டது.

"இந்த வரி வெளிய நிக்குது மேடம். செய்தி அனுப்புற வரி. ஒவ்வொரு பார்சலா எடுக்குற இடத்துக்கு உள்ள நிக்கணும். வெளிய நிக்கிறதால எல்லாப் பார்சலையும் எண்ணி முடிச்சதுக்கு அப்புறம், கடைசில கையில இருக்கிற ஒண்ணுக்கு மட்டும் போகுது." ஒரு சாவியைத் தட்டினான். சத்தம் ஒரு படி மேலே ஏறி மற்ற வரிகளோடு சேர்ந்துகொண்டது.

"அண்ணே, அது நான் எழுதுனதுண்ணே" என்று ஒரு சின்னக் குரல்.

"தெரியும் மாப்ள. நீதான் எண்டரத் தட்டிட்டு டீ குடிக்க ஓடுறவன்."

எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "குறிப்பு எழுத வேற ஆளு பாத்துக்கிறேன். நீங்க இங்கதான் இருக்கணும்" என்றார். "ஆனா இனிமே இப்படி மறைக்காதீங்க. எங்களுக்குத் தெரிஞ்சாத்தான நாங்களும் அந்தப் பக்கத்துல போய்க் கட்டைவிரலத் தூக்க முடியும்?"

தம்பி சரி மேடம் என்றான். அந்த 'சரி' பாதியில் உடைந்தது. நான் படியிலேயே கொஞ்ச நேரம் இருந்தேன். ரவிக்கையில் பார்த்தால் கொக்கியைத் தலைகீழாக வைத்துத் தைத்திருந்தேன்.

மீட்டிங் முடிந்ததும் கூப்பிட்டான். "அக்கா, இங்கிட்டு வா. உக்காரு. கண்ண மூடு."

"எதுக்குடா?"

"மூடேன்."

மூடினேன். அவன் ஒரு சாவியை விடாமல் அழுத்திப் பிடித்தான். கடுகு பொரிகிற குரலை நிறுத்திவிட்டிருந்தான். டம்ளர் சத்தம் மட்டும் வரிசையாக ஓடியது. கீழே தொடங்கி ஏறியது, இன்னும் ஏறியது, உயரத்திலேயே கொஞ்சம் நடந்தது, ஒரேயடியாகக் கீழே இறங்கியது. மறுபடி மெல்ல ஏறியது. ஒரே மாதிரி ஏற்றம் மூன்று இடத்தில் வந்தது. நடுவில் ஒரு நீளமான சமதளம். கடைசியில் படி படியாக இறங்கி ஓரத்தில் வந்து நின்றது.

"என்னடா இது?"

"நீ வாசிச்சியே, அதே பக்கந்தான். முதல் நாள் வாசிச்சது."

நான் அந்தப் பக்கத்தைப் பல தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வரியாக, ஒவ்வொரு கொக்கியாக, பிறையாக, வாசித்து வாசித்துத் தொண்டை வறண்டிருக்கிறேன். அதற்கு இப்படி ஒரு உருவம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பார்க்காத அவன், என்னுடைய தண்டவாளத்தையும் ஜன்னலையும் ரெட்டைப் பட்டனையும் காதில் வாங்கி, இவ்வளவு ஏற்ற இறக்கத்தையும் தலைக்குள் கட்டி எழுப்பி, அதற்குள் நடந்துகொண்டிருந்திருக்கிறான். கண்ணைத் திறக்க மனம் வரவில்லை.

"இன்னொரு தடவ போடுடா."

"வேலை இருக்குக்கா" என்றான். ஆனால் மேலே போய், முதல் வரியிலிருந்து மறுபடி அழுத்தினான்.